விடைக்குறிப்பில் ‘என்பாரும் உளர்’ எங்கே?

மேல்நிலை வகுப்புகளின் மொழிப்பாடத்துக்கு வினாத்தாள் அமைத்து, விடைக்குறிப்பும் வகுத்துத் தரும் குழுவினருக்கு,

இந்த ஆண்டு விடைத்தாள் திருத்தும் பணியின் முதல் நாள் காலையில் எங்கள் கையில் தரப்பட்ட விடைக்குறிப்பில், ‘கண்ணகியின் பண்புநலன்களை விளக்குக’ என்ற நெடுவினாவுக்கு நேராக ஐந்து சொற்கள் இருந்தன: கற்பு, பொறுமை, துணிவு, நீதி வேட்கை, சொல்வன்மை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். அவற்றின் கீழே, ‘வேறு பண்புகளுக்கு மதிப்பெண் இல்லை’ என்ற வரி அடிக்கோட்டுடன் அச்சிடப்பட்டிருந்தது. நான் 22 ஆண்டுகளாக இலக்கியம் கற்பித்து வருகிறேன். அவற்றுள் 14 ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். விடைக்குறிப்பு ஆண்டுக்கு ஆண்டு இறுகிக்கொண்டே வருவதைப் பார்த்தும் பேசாமல் இருந்தவர்களுள் நானும் ஒருவன். ஆயினும், ஒரு கதைமாந்தரைப் பற்றி இன்னின்னவற்றை மட்டுமே சொல்லலாம், அதற்கு வெளியே எதைச் சொன்னாலும் செல்லாது என்று எழுத்திலேயே கண்டது இதுவே முதல் முறை. அந்த ஒரு வரியைக் குறித்தே இம்மடலை எழுதுகிறேன்.

அன்று பிற்பகல் எனக்குத் தரப்பட்ட தாள் கட்டுக்குள் நான்காவதாக இருந்த விடைத்தாளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். எழுதியவர் யார், எந்தப் பள்ளி என்பதெல்லாம் எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. நீல மை, சற்றே வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. முதல் வரியில் ‘கண்ணகி பொறுமைசாலி’ என்று எழுதி, பொறுமைசாலி என்ற சொல்லை ஒரே கோட்டால் அடித்துவிட்டு, அதன் தலைக்கு மேல் சிறிய எழுத்தில் ‘பிடிவாதக்காரி’ என்று எழுதியிருந்தார். அந்த அடித்தலைப் பார்த்ததுமே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பொறுமை என்று எழுதினால் ஒரு மதிப்பெண் உறுதி என்பது அந்த மாணவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது; கையேடுகள் எல்லாம் அப்படித்தான் சொல்கின்றன. தெரிந்தும் அடித்திருக்கிறார்.

ஏன் அடித்தார் என்பதற்கு ஒன்றரைப் பக்கம் காரணம் காட்டியிருந்தார். கோவலன் பிரிந்திருந்த காலத்தில், சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் பொய்கைகளில் நீராடிக் காதல் தெய்வமான காமவேளைத் தொழுதால் கணவனோடு கூடி வாழலாம் என்று கண்ணகியின் தோழி தேவந்தி வழி சொல்கிறாள். அதற்குக் கண்ணகி ‘பீடு அன்று’ என்கிறாள். அது நமக்குப் பெருமை தருவதில்லை என்பது பொருள். அதற்கு மேல் அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. கணவன் திரும்பி வரவேண்டும் என்பதற்காகக்கூடத் தன் நிலையிலிருந்து இறங்காத ஒருத்தியைப் பொறுத்துப் போகிறவள் என்று எப்படிச் சொல்வது என அம்மாணவர் கேட்டிருந்தார். பிறகு கொலைக்களக் காதைக்குப் போய், தன் தவறுகளை எண்ணி வருந்தும் கோவலனிடம் ‘போற்றா ஒழுக்கம் புரிந்தீர்’ என்று அவள் நேருக்கு நேர் சொல்வதை எடுத்துக்காட்டியிருந்தார். ‘அரசனிடம் பேசிய வாய் புகாரிலேயே பேசத் தொடங்கிவிட்டது, நாம்தான் கேட்கவில்லை’ என்பது போல ஒரு வரியில் விடையை முடித்திருந்தார். சொற்கள் முன்பின்னாக இருக்கலாம், கருத்து அதுதான்.

நான் 4 மதிப்பெண் இட்டேன். முதன்மைத் தேர்வாளர் அதை 1 ஆக்கினார். குறிப்பில் உள்ள சொற்களில் துணிவு ஒன்றுதான் விடையில் இருக்கிறது என்பது முதல் காரணம். பாடப்பகுதியில் வழக்குரை காதை மட்டுமே உள்ளது, மாணவர் பாடத்தில் இல்லாததை எழுதியிருக்கிறார் என்பது இரண்டாவது காரணம். அவரை நான் குறை சொல்லவில்லை. அவர் நல்ல ஆசிரியர், உங்கள் வரிக்குக் கட்டுப்பட்டவர். தாளைத் திருப்பித் தரும்போது, ‘நல்லாத்தான் எழுதியிருக்கான் சார். என்ன பண்றது, கீயில இல்லையே’ என்றார்.

அதே கட்டில் வேறு 11 தாள்களில் ‘பொறுமையின் சிகரமாய்த் திகழ்கிறாள்’ என்ற வாக்கியம் எழுத்து மாறாமல் இருந்தது. அந்த மாணவர்கள் மீதும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் சிலப்பதிகாரத்தின் 30 காதைகளில் 9ஆம் காதையையும் 16ஆம் காதையையும் 20ஆம் காதையையும் ஒன்றோடொன்று கோத்துப் பார்த்தவருக்கு 1 மதிப்பெண்ணும், சிகரத்தைப் படியெடுத்தவர்களுக்கு 5 மதிப்பெண்ணும் கொடுத்த கை என்னுடையது. அந்தக் கையெழுத்துக்குப் பொறுப்பேற்க வேண்டியிருப்பதால்தான், நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்பதை நீங்களே திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறேன்.

பண்புநலன் என்பது ஒரு மாந்தரின் நெற்றியில் ஒட்டப்பட்ட சீட்டன்று. அவர் எந்த நேரத்தில், யாரிடம், எதைச் செய்தார், எதைச் செய்ய மறுத்தார், எதைச் சொல்லாமல் விட்டார் என்பவற்றிலிருந்து வாசகர் தாமே வந்து சேரும் முடிவு அது. இதை நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. அகப்பாடல்களில் மாந்தருக்குப் பெயரே கூடாது, ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’ என்று தொல்காப்பியம் விதிக்கிறது. பெயரும் இல்லை, ஊர்க்கதையும் இல்லை, இவள் இப்படிப்பட்டவள் என்று சொல்லும் கதைசொல்லியும் இல்லை. தலைவியிடம் ஒரு குரலிலும் தலைவனிடம் வேறொரு குரலிலும் பேசுவதை வைத்தே தோழி எத்தகையவள் என்று அறிந்துகொண்ட வாசகர் கூட்டத்தின் வழிவந்தவர்கள் நம் மாணவர்கள்.

உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதைப் பேசும், தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகள் 8. அவை ஒவ்வொன்றும் பிறக்கும் களன்கள், அதாவது காரணங்கள், நான்கு நான்கு. அழுகை என்று பெயர் சூட்டியதோடு தொல்காப்பியர் நிற்கவில்லை. இளிவா, இழவா, அசைவா, வறுமையா, எதிலிருந்து வந்த அழுகை என்று கேட்கிறார். இப்போது வழக்குரை காதைக்கு வாருங்கள். ‘நீர்வார் கண்ணை எம்முன் வந்தோய்’ என்று பாண்டியன் கண்ணகியின் கண்ணீரைத்தான் முதலில் பார்க்கிறான். கணவனை இழந்ததால் அது இழவு. அவன் கள்வன் என்று பழிக்கப்பட்டதால் அது இளிவும்கூட. வெகுளிக்குரிய நான்கு களன்களுள் கொலையும் ஒன்று என்பதால், அந்தக் கண்ணீருக்குள் சினமும் இருக்கிறது. அவற்றுள் எது மேலோங்கி நிற்கிறது, அரசன் எதைக் கண்டான், எதைக் காணத் தவறினான் என்று 17 வயதுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டு பக்கம் எழுதுவார், ஒருவர் எழுதியது போல இன்னொருவர் எழுத மாட்டார். என் வகுப்பில் இதைச் செய்து பார்த்த பிறகுதான் சொல்கிறேன். ஒரு மாணவி, பாண்டியன் கண்ணீரை மட்டுமே பார்த்தான், அவள் கையில் இருந்த ஒற்றைச் சிலம்பைப் பார்க்கவில்லை என்று எழுதினாள். சிலம்பை உடைத்து மாணிக்கப் பரலைக் கண்ட பிறகு அவன் ‘யானே கள்வன்’ என்று சொல்வது, அந்தப் பார்வைக் குறையை அவனே ஒப்புக்கொள்வதுதான் என்பது அவள் வாதம். 22 ஆண்டுகளாக அந்தக் காதையை நடத்திவந்த எனக்கு அது தோன்றியதில்லை.

நம் உரையாசிரியர்கள் ஒரு பாட்டுக்குத் தாம் கண்ட பொருளை எழுதிவிட்டு, வேறு பொருள் கொண்டவர்களையும் மறைக்காமல், ‘என்பாரும் உளர்’ என்று எழுதிச் சென்றார்கள். சில இடங்களில் அந்தப் பொருள் ஏன் பொருந்தாது என்று வாதிட்டார்கள். வாதிடுவதற்காகவாவது அதைப் பதிவு செய்தார்கள். திருக்குறளுக்குப் பதின்மர் உரை இருந்ததாகச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அந்தப் பெருமைக்குரிய பாடத்தின் விடைக்குறிப்பில் பதினோராவது கருத்துக்கு இடமில்லை என்று எழுதிவைப்பது எந்த மரபு என்று எனக்கு விளங்கவில்லை.

ஒரே பண்பில் அடங்கிவிடும் தட்டைப் பாத்திரம், பல பண்புகள் கொண்ட முழுமைப் பாத்திரம் என்ற பாகுபாட்டையும் பாடத்தில் வைத்திருக்கிறீர்கள். மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து, மாந்தர்களை இரண்டு பெட்டிகளில் பிரித்துப் போட்டு மதிப்பெண் வாங்குகிறார்கள். 1927இல் அந்தப் பாகுபாட்டை முன்வைத்த ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபாஸ்டர், முழுமைப் பாத்திரத்துக்கு ஓர் உரைகல்லையும் சேர்த்தே சொன்னார்: நாம் நம்பும்படியாக நம்மை வியப்பில் ஆழ்த்த அந்த மாந்தரால் முடிய வேண்டும். அந்த உரைகல் பாடத்தில் இல்லை. கண்ணகி நம்மை வியப்பில் ஆழ்த்துவதை எடுத்துக்காட்டிய விடைக்குத்தான் இந்த ஆண்டு மதிப்பெண் குறைக்கப்பட்டது.

மையக் கருத்து என்று நீங்கள் கேட்கும் வினாவிலும் இதே குறை உண்டு. ‘இச்சிறுகதையின் மையக் கருத்தை எழுதுக’ என்று கேட்டு, ஒரு பழமொழி அளவில் விடை எதிர்பார்க்கிறீர்கள். ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966இல் வெளிவந்தது. மழைநாளில் ஒருவனின் காரில் ஏறி, நடந்துவிட்ட கொடுமையோடு வீடு திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி, வெளியே தெரியாமல் அணைத்துக்கொள்கிறாள். இதற்குத் தாயின் மன்னிப்பு, தாய்மையின் உயர்வு என்று இரண்டு சொல்லில் மையக் கருத்து எழுதிவிடலாம். ஆனால் அதே ஆசிரியர் அதே நிகழ்ச்சியை மீண்டும் எடுத்து ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்ற நாவலை எழுதினார். 1972இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. நாவலில் அந்தத் தாய் கூக்குரலிட்டு அழுகிறாள். ஊரறிந்து போகிறது, அண்ணன் தங்கையை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான், அந்த மகள் கங்காவின் வாழ்க்கை முழுதும் வேறாகிறது. நாவலுக்குள்ளே ஓர் எழுத்தாளர் அந்தச் சிறுகதையின் முடிவை எழுதியிருப்பதாகவும், அதைக் கங்காவே படிப்பதாகவும் வருகிறது.

இரண்டையும் அடுத்தடுத்து வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவன் கேட்டான்: ‘அப்போ அந்தப் பொண்ணு மாறவே இல்லையே சார், அவங்க அம்மாதானே மாறினாங்க?’ மகளின் பாத்திரப் படைப்பு தாயின் ஒரு செயலில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதையும், மையக் கருத்து என்பது நிகழ்ச்சியில் இல்லை, நிகழ்ச்சிக்குப் பிறகு மற்றவர்கள் நடந்துகொள்ளும் விதத்தில் இருக்கிறது என்பதையும் அவன் ஒரே வாக்கியத்தில் பிடித்துவிட்டான். அவன் தேர்வில் அதை எழுதினால் என்ன கிடைக்கும்? ‘தாய்மை’ என்ற சொல் விடையில் இல்லை என்று நான் அவனுக்கு மதிப்பெண் குறைக்க வேண்டும்.

திரைப்படப் பாடத்தில் நிலைமை இன்னும் மோசம். திரைக்கதையும் காட்சிமொழியும் பாடமாக வந்தபோது நான் மிகவும் மகிழ்ந்தேன். ரஷ்யத் திரைப்பட இயக்குநர் குலெஷோவ் செய்த சோதனை பாடத்தில் இருக்கிறது: உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தைக் கிண்ணத்துச் சூப்புக்குப் பக்கத்திலும் சவப்பெட்டிக்குப் பக்கத்திலும் மாற்றி மாற்றி வைத்துக் காட்டியபோது, பார்த்தவர்கள் அதே முகத்தில் பசியையும் துயரத்தையும் தனித்தனியே கண்டார்கள். பொருள் என்பது ஒரு காட்சிக்குள் மட்டும் இல்லை, இரண்டு காட்சிகள் ஒட்டும் இடத்திலும் பிறக்கிறது என்பதைக் கற்பிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. நீங்கள் அதிலிருந்து கேட்ட ஒரே வினா, இச்சோதனையைச் செய்தவர் யார் என்ற ஒரு மதிப்பெண் வினா.

1954இல் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ படத்தைப் பற்றியும் அப்படித்தான். அதன் சிறப்பு யாது என்று கேட்கிறீர்கள். பாடல்கள் இல்லாமை என்று விடை தருகிறீர்கள். அந்தப் படத்தை என் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். தொடக்கத்திலேயே வானொலிப் பொறியாளர் ராஜன் சுடப்பட்டு விழுகிறான். அங்கே நிறுத்தி, இவன் எப்படிப்பட்டவன் என்று கேட்டேன். கரும்பலகையில் ‘பாவம்’, ‘நல்லவன்’ என்று எழுதச் சொன்னார்கள். விசாரணையில் ஒவ்வொருவராகப் பேசப் பேச, பலகையில் இருந்த சொற்களை மாணவர்களே எழுந்து வந்து அழித்தார்கள். உடன்பிறந்தவர் சொல்லும் ராஜன் ஒருவன், காதலி சொல்லும் ராஜன் வேறொருவன், மனைவி அறிந்த ராஜன் மற்றொருவன். படம் முடிந்தபோது பலகையில் சொற்களைவிடச் சுண்ணக்கட்டியின் வெண்படலம்தான் அதிகம் இருந்தது. அதற்குப் பிறகுதான் பாடல்களைப் பற்றிக் கேட்டேன். நடுவில் ஒரு பாட்டு வந்திருந்தால் நாங்கள் சந்தேகப்படுவதை நிறுத்தியிருப்போம் என்றாள் ஒருத்தி. பாடல் இல்லை என்ற தகவல் அவளிடம் வந்ததும் கதைசொல்லல் பற்றிய வாசிப்பாக மாறிவிட்டது. உங்கள் விடைக்குறிப்பு தகவலோடு நின்றுவிடுகிறது.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் நான் அறிவேன். பல ஆயிரம் ஆசிரியர்கள் பல இலட்சம் தாள்களைத் திருத்தும்போது, ஒருவர் தாராளமாகவும் ஒருவர் கறாராகவும் இருந்தால் பாதிக்கப்படுவது மாணவர்தான். சொற்பட்டியல் கையில் இருந்தால் சண்டை வராது, வேகமும் கூடும். நாளொன்றுக்கு இத்தனை தாள் என்ற கணக்கும் எங்களை நெருக்குகிறது. இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்டுதான் கேட்கிறேன்: ஒரே சீரான அளவுகோல் வேண்டும் என்றால், ஏன் மாணவர் வந்து சேர்ந்த முடிவை அளக்க வேண்டும்? அவர் அந்த முடிவுக்கு வந்த வழியை அளக்கலாமே. முடிவைச் சொன்னாரா, நூலிலிருந்து இடம் காட்டினாரா, அந்த இடம் அந்த முடிவை உண்மையாகவே தாங்குகிறதா என்ற மூன்றையும் எந்த ஆசிரியரும் ஒரே சீராகப் பார்க்க முடியும். கண்ணகி பிடிவாதக்காரி என்று வெறுமனே எழுதிவிட்டுப் போகிறவருக்கு நானும் மதிப்பெண் தரமாட்டேன். எதை எழுதினாலும் சரி என்று நான் கேட்கவில்லை. சான்றில்லாத பொறுமைக்கும் மதிப்பெண் கூடாது என்பதே என் நிலை.

ஆகவே, நான் உங்களிடம் கேட்டுக்கொள்பவை இவை. ‘வேறு பண்புகளுக்கு மதிப்பெண் இல்லை’ என்ற வரியை அடுத்த தேர்வின் விடைக்குறிப்பு அச்சுக்குப் போகும் முன் நீக்குங்கள். அந்தப் பொருள்படும் வேறு எந்த வரியையும் அந்த இடத்தில் வைக்காதீர்கள். பண்புநலன் வினாவின் 5 மதிப்பெண்களைக் கருத்துக்கு 1, நூற்சான்றுக்கு 2, சான்றையும் கருத்தையும் இணைத்துக் காட்டுவதற்கு 2 எனப் பிரியுங்கள். பட்டியல் தந்தே ஆகவேண்டும் என்றால் அதை எடுத்துக்காட்டாகத் தந்து, கீழே ‘என்பாரும் உளர்’ என்ற தலைப்பில் ஏற்கத்தக்க மாற்று வாசிப்புகளுக்கு இடம் விடுங்கள். அந்த இடத்தை நிரப்ப, திருத்தும் பணியின் முதல் அரை நாளை ஆசிரியர்களுக்கு ஒதுக்குங்கள். மாதிரித் தாள்கள் பத்தை எல்லோரும் படித்து, பேசி, ஓர் உடன்பாட்டுக்கு வந்த பிறகு கட்டைப் பிரிக்கிறோம்.

பாடப்பகுதிக்கு வெளியே, அதே நூலின் வேறு பகுதியிலிருந்து தரும் சான்று செல்லும் என்று எழுத்தில் தெளிவுபடுத்துங்கள். நூல் முழுவதையும் தேடிப் படித்த மாணவரைத் தண்டிக்கும் தேர்வாக நம் தேர்வு இருக்கக் கூடாது. திரைப்படப் பகுதியில் பெயரையும் ஆண்டையும் கேட்கும் வினாக்களுள் ஒன்றையாவது எடுத்துவிட்டு, ஒரு காட்சியை ஆறேழு வரிகளில் விவரித்து, அது ஏன் இந்த வரிசையில் சொல்லப்படுகிறது, வேறு ஒருவர் பார்வையில் சொன்னால் என்ன மாறும் என்று கேளுங்கள். மாணவர் முன்பு பார்த்திராத காட்சியாக அது இருக்கட்டும். கையேடு அதற்கு விடை தயாரிக்க முடியாது.

கடைசியாக ஒன்று. மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிப்போரின் தாள்களும் இதே விடைக்குறிப்பைக் கொண்டே பார்க்கப்படும் என்று அறிகிறேன். அப்படியானால் நீல மையில் எழுதிய அந்த மாணவர் பணம் கட்டி விண்ணப்பித்தாலும் அதே 1 தான் மீண்டும் வரும். அவர் யார் என்று எனக்குத் தெரியாததால் அவருக்காகத் தனியே கேட்கவும் எனக்கு வழியில்லை. எனவே இந்த ஆண்டின் எல்லா விடைத்தாள்களிலும் அந்த ஒரு வினாவுக்கான விடையை மட்டும், அந்த வரியை நீக்கிய விடைக்குறிப்போடு மறுபடி படிக்க ஆணையிடுங்கள். அந்தப் பணிக்கு என் விடுமுறை நாட்களைத் தர நான் அணியமாக இருக்கிறேன். என்னோடு அதே அறையில் திருத்திய ஆசிரியர்கள் ஒன்பது பேரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுள் என் மதிப்பெண்ணைக் குறைத்த முதன்மைத் தேர்வாளரும் ஒருவர்.

இப்படிக்கு,
விடைத்தாள் திருத்தும் இலக்கிய ஆசிரியர் ஒருவர்